செய்யுள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம்

"ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் செய்யுள் பாடத்தை எப்படிச் சுவையாகத் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கதை சொல்கிறேன், காணொளி காட்டுகிறேன், சில நாள் திரைப்பாடல்கூடப் போடுகிறேன். பத்து நிமிடம் வகுப்பு கலகலவென்று இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து முதல் அடியைப் படித்ததும் எல்லா முகமும் வாடிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குத் தொடங்கத் தெரியாமல் இல்லை. தொடக்கத்திலிருந்து பாட்டுக்குள் போகும் வழிதான் எங்கோ அடைபட்டிருக்கிறது. அந்த வழியைப் பற்றியே எழுதுகிறேன். அடுத்து சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் தொடங்க வேண்டும் என்று கடைசியில் குறித்திருந்தீர்கள். அதற்கும் வருகிறேன்.

என் பட்டறிவின் எல்லையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் 26 ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கிறேன். முதல் பாதி புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் பகுதியில், பிறகு காவிரி டெல்டாவில். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான வகுப்புகள், நாற்பது ஐம்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் நகரப் பள்ளிகளின் சூழலை நான் அறியேன். சிறு வகுப்புகளுக்கும் நான் சொல்வது பொருந்தாது. உரைநடையைப் பற்றியும் பேசப்போவதில்லை. அதன் சிக்கல் வேறு.

பி.எட். படித்தபோது பாடக்குறிப்பேட்டில் முதல் கட்டத்துக்கு 'ஆயத்தம்' என்று பெயர் எழுதினோம், நினைவிருக்கும். ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளில் அது முதல் படி. மாணவர் ஏற்கெனவே அறிந்ததை எழுப்பிவிட்டு, புதியதை அதனோடு பிணைப்பது அதன் நோக்கம். அந்தக் கருத்தில் குறையே இல்லை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் அது ஒரு சடங்காகிவிட்டது. "உலகப் பொதுமறை எது?" என்று கேட்போம். நாற்பது குரல்கள் "திருக்குறள்" என்று கத்தும். "ஆம், இன்று நாம் திருக்குறள் படிக்கப்போகிறோம்" என்று கரும்பலகையில் எழுதுவோம். மேற்பார்வைக்கு வந்தவர் சரி என்று குறித்துக்கொள்வார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. விடை எல்லோருக்கும் தெரிந்த கேள்வியால் யாருடைய மனமும் அசைவதில்லை. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை; பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டியதோடு அது முடிந்துவிடுகிறது.

நம் மரபில் இதைப் பற்றி இன்னும் நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்கள். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்லும் முறைக்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது. காலமும் இடமும் பார்த்து, சொல்லப்போகும் பொருளை முதலில் தன் உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள" நூலைக் கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. இதில் 'கொள்வகை' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் எந்த வழியாக வாங்கிக்கொள்வார் என்று அறிவதே தொடக்கத்தின் வேலை. 'உள்ளத்து அமைத்து' என்பதையும் விட்டுவிடாதீர்கள். எனக்குள் அந்தப் பாட்டு இறங்காத நாளில் எந்த உத்தியும் உதவியதில்லை. இதை மட்டும் ஐயமில்லாமல் சொல்வேன்.

இனி நான் தவறிய ஓர் இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலும் அதுவேதான். பாரி மகளிர் பாடிய "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்" புறநானூற்றின் 112ஆம் பாட்டு. 1997இல் வந்த திரைப்பாடல் ஒன்று அந்த 'அற்றைத் திங்கள்' என்ற தொடரை எடுத்துக் காதல் பாட்டாக்கிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டாயிற்றே என்று அதைப் பாடித் தொடங்கினேன். வகுப்பே சேர்ந்து பாடியது. நல்ல குரல் உள்ள ஒரு பெண் எழுந்து நின்று முழுவதும் பாடினாள். அந்த மகிழ்ச்சியோடு புத்தகத்துக்கு வந்தோம். "யாம் எந்தையும் இலமே" என்று நான் படித்து முடித்தபோது வகுப்பில் பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தந்தையை இழந்த இரண்டு பெண்கள் நிலவைப் பார்த்துச் சொல்லும் சொற்கள் அவை. நான் அவர்களைக் காதல் பாட்டின் வாசல் வழியாக இழவு வீட்டுக்குள் அழைத்துப்போயிருந்தேன். குற்றம் பிள்ளைகளுடையது ஆகாது. தொடக்கம் கலகலப்பாக இருந்ததா என்று மட்டும் பார்த்தேன். இந்தப் பாட்டின் மனநிலைக்கு அது பொருந்துமா என்று பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறு விதமாகச் செய்தேன். ஒன்றும் கொண்டுபோகவில்லை. முதல் இரண்டு அடிகளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில், எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்." பொருளைச் சொன்னேன். சென்ற மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் பறித்துக்கொள்ளவில்லை. "ஒரு மாதம் போயிருக்கிறது. அதே வெண்ணிலவு. அடுத்து என்ன சொல்வார்கள்? ஒரு வரி எழுதுங்கள்" என்றேன். மூன்று நிமிடம் கொடுத்தேன். பலர் சரியாகவே ஊகித்தார்கள்; ஊகிப்பது கடினமில்லை. பிறகு மீதி அடிகளை எழுதினேன்: "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில், வென்று எறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே." தான் எழுதிய வரியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, "அம்மா, முதலில் அப்பா, பிறகு குன்று என்று இருந்தது. இப்போது குன்று முன்னால் வந்து அப்பா கடைசிக்குப் போய்விட்டார்" என்றான். பத்தாண்டுகளாக அந்தப் பாட்டை நடத்தியும் நான் அதைக் கவனித்ததில்லை. சொல்லத் துணியாததைக் கடைசி வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று அவனே சொன்னான். அன்று அந்தப் பாட்டுக்கு நான் வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. அந்தக் குன்றான பறம்பு மலையை இன்றைய பிரான்மலை என்பார்கள், நம் ஊருக்கு மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் பார்த்துவிடலாம் என்பதை மட்டும் கடைசியில் சொன்னேன்.

இரண்டு தொடக்கத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றுதான் புரிந்தது. முதலாவது பாட்டுக்கு வெளியே இருந்தது. அதை முடித்துவிட்டுப் பாட்டுக்கு வரவேண்டியிருந்தது. இரண்டாவது பாட்டின் பாதியையே எடுத்து நீட்டியது. மீதியைப் பாட்டிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கதையும் காணொளியும் தம்மளவில் முழுமையானவை. அவை முடிந்ததும் பிள்ளைகளின் பசி தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் பரிமாறும் செய்யுளை யார் உண்பார்கள்?

இந்தப் பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "உங்களிடம் போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லாதது எது?" என்று கேட்டுத் தொடங்கினால் உருக்கமாக இருக்குமே என்று தோன்றும். கேட்காதீர்கள். நாற்பது பிள்ளைகளில் தந்தையை இழந்தவர் ஒருவராவது இருப்பார். அவரை நாற்பது பேர் நடுவே நிறுத்தி அழவைக்க நமக்கு உரிமை கிடையாது. பாட்டு அவரை அதுவாகவே வந்து தொடும். அவர் விரும்பினால் பாடம் முடிந்தபின் வராந்தாவில் வந்து பேசுவார். என்னிடம் அப்படி வந்து பேசியவர்கள் உண்டு.

பொருள்களைக் கொண்டுபோய்க் காட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே" என்று முடிவது. புதுக்கோட்டைப் பக்கம் இருந்தபோது இதற்குத் தொடக்கமே தேவைப்படவில்லை. மழை பெய்த மறுநாள் பார்த்து அந்தப் பாட்டை எடுப்பேன். வகுப்பில் பாதிப் பேரின் சீருடை ஓரம் சிவந்திருக்கும். "இந்தக் கறை துவைத்தால் போகுமா?" என்று கேட்டால் போதும். ஆளுக்கொரு வீட்டுக் கதை வரும். அந்தப் பேச்சினூடே "யாயும் ஞாயும் யாராகியரோ" என்று தொடங்கிவிடுவேன். டெல்டாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டேன். வண்டல் நிலத்துப் பிள்ளைகள் விழித்தார்கள். செம்மண் கறை அவர்களுக்குப் பழக்கமில்லை.

எனவே அடுத்த முறை ஊரிலிருந்து ஒரு கைப்பிடி செம்மண் கொண்டுவந்து, கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றிக் கலக்கி மேசைமேல் வைத்தேன். "இதை இனிப் பிரிக்க முடியுமா?" என்றேன். முடியாது என்றார்கள். பாட்டுக்குப் போனோம். கால் மணி நேரம் கழித்து முன் வரிசைப் பெண் ஒருத்தி குவளையைக் காட்டி, "பிரிந்துவிட்டதே அம்மா" என்றாள். மண் அடியில் படிந்து, மேலே நீர் தெளியத் தொடங்கியிருந்தது. வகுப்பு முழுவதும் குவளையைப் பார்த்தது. நான் கொண்டுவந்த பொருளே பாட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்தக் கணத்தில் திகைத்தேன் என்றாலும், அவள் சொன்னதைத் தள்ளிவிடவில்லை. "அப்படியானால் புலவர் எதைப் பார்த்திருப்பார்? குவளையையா?" என்று திருப்பிக் கேட்டேன். பாட்டைத் திரும்பப் படித்தார்கள். 'பெயல்நீர்' என்றுதான் இருக்கிறது. பெய்கிற மழை நீர். வானிலிருந்து வரும் நீர் நிலத்தைத் தொட்டவுடனே அந்த நிலத்தின் நிறமாகி ஓடுகிறதே, அந்த நேரத்தைப் பாட்டு பிடித்திருக்கிறது என்று பேசிப் பேசி வந்து சேர்ந்தோம். நல்லபடி முடிந்தது என்பதற்காக இதை ஓர் உத்தியாக உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பொருளைக் கொண்டுபோகுமுன் அந்தப் பொருள் பாட்டின் சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். குவளையை உடனே எடுத்து உள்ளே வைத்துவிடுவதும் நல்லது.

அதே பாட்டுக்கு இப்போது நான் பெயரிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பாட்டை எழுதியவரின் உண்மைப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்துவிட்டார்கள். இப்படிக் குறுந்தொகையில் பலர் இருக்கிறார்கள். குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், செம்புலப்பெயனீரார் என்று நான்கு பெயர்களைப் பலகையில் எழுதுவேன். "இவர்கள் நான்கு பேர். பாட்டில் என்ன எழுதியிருப்பார்கள்?" என்பேன். குப்பைக்கோழி என்றதும் சிரிப்பார்கள்; சிரிக்கட்டும். குப்பை மேட்டில் யாரும் மூட்டிவிடாமலும் யாரும் விலக்கிவிடாமலும் தனியாகச் சண்டையிடும் கோழிகளைப் போலத் தன் துயரும் தானாகத்தான் தீர வேண்டும் என்று ஒரு பெண் சொல்கிறாள் என்று விளக்கியதும் சிரிப்பு அடங்கிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒருவரை ஓர் உவமையால் நினைவில் வைத்திருக்கிறோம் என்ற செய்தி பிள்ளைகளை உண்மையிலேயே தொடுகிறது. பாடநூலின் 'நூல்வெளி' பகுதியில் இருக்கும் ஆசிரியர் குறிப்பை முதலில் படித்துக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பிறந்த ஊர், பெற்றோர், இயற்றிய நூல்கள் என்று தொடங்கும் வகுப்பு அங்கேயே தூங்கிவிடுகிறது. அந்தக் குறிப்பு தேவைதான், தேர்வில் கேட்பார்கள். பாட்டு பிடித்துப்போன பிறகு, எழுதியவர் யார் என்று அவர்களே அறிய விரும்பும்போது அதைச் சொல்லுங்கள்.

சில பாடல்கள் தம் நடைக்குள்ளேயே தொடக்கத்தை வைத்திருக்கின்றன. "இன்னாசெய் தாரை ஒறுத்தல்" என்று படித்து நிறுத்துங்கள். தீமை செய்தவரை எப்படித் தண்டிக்கலாம் என்று கேளுங்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதற்கு விடைக்குப் பஞ்சம் இருக்காது. எல்லாவற்றையும் பலகையில் எழுதியபின், "அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" என்று முடியுங்கள். திருவள்ளுவரே அந்த எழுவாயைச் சொல்லிவிட்டு நம்மைக் காத்திருக்க வைக்கிறார். நாம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டுகிறோம், அவ்வளவே. சிலர் "இது நடக்காது அம்மா" என்று வாதாடுவார்கள். அந்த வாதத்தை வெட்டாதீர்கள். குறள்மேல் பிள்ளைகளுக்குக் கோபம் வருவது எவ்வளவு நல்ல செய்தி!

"முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்" என்ற குறுந்தொகைப் பாட்டுக்கு, "இந்த வாரம் வீட்டில் சமைத்தவரிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் கை தூக்குங்கள்" என்பேன். இரண்டு கை, மூன்று கை எழும். "சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?" என்பது அடுத்த கேள்வி. கை துடைத்த ஆடையை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சொல்லி உண்டபோது அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்ததைச் செவிலித்தாய் வந்து நற்றாயிடம் சொல்லும் பாட்டு அது. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட வேண்டியதே இல்லை. "அவன் ஏன் சமைக்கவில்லை?" என்று இப்போதெல்லாம் பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பாட்டுக்காக மன்னிப்புக் கேட்கும் தோரணையிலும் பேசாதீர்கள், அவர்களை அதட்டவும் செய்யாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எளிய தொடக்கம் ஒன்று உண்டு. பாட்டை நன்றாகப் படிப்பது. நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அடி ஒடியும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, மூச்சு வாங்கி, வகுப்பில்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் படிக்கிறோம். முந்தைய இரவு வீட்டில் பத்து முறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள். பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள், அடி முடியும் இடத்தில் அன்று. புத்தகத்தைப் பார்க்காமல், வகுப்பைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் அதைவிட வேறு ஆயத்தம் வேண்டாம். பாட்டை முதலில் படிப்பதா, சூழலை முதலில் சொல்வதா என்பதில் எனக்கு உறுதியான விதி இல்லை. ஐந்தாறு அடியில் முடியும் சங்கப் பாடலானால் பாட்டுதான் முதலில், இரண்டு முறை. காப்பியப் பகுதியானால் யார் யாரிடம் எந்த நிலையில் பேசுகிறார் என்பதைச் சொல்லாமல் படித்தால் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். புதுக்கவிதைக்கு முன்னுரையே வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

காணொளியை நான் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. யாழ் எப்படி இருக்கும், குறிஞ்சிப் பூ எப்படி இருக்கும் என்று காட்டப் படம் வேண்டும்தான். ஆனால் கண்ணகியின் முகத்தை முதலிலேயே காட்டிவிட்டால், தலைவிரி கோலமாய் ஒற்றைச் சிலம்போடு நிற்பவளைத் தன் மனத்தில் வரைந்துகொள்ளும் வாய்ப்பு பிள்ளைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு இளங்கோவடிகளின் சொற்களுக்கு அங்கே வேலை இல்லை. படம் காட்டுவதானால் பாட்டு முடிந்தபின் காட்டுங்கள். நாம் நினைத்ததும் இதுவும் எங்கே வேறுபடுகின்றன என்று பேசலாம். பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் அச்சிட்டிருக்கும் 'நுழையும்முன்' பகுதியையும் அப்படியே வகுப்பில் படிக்காதீர்கள். அது உங்களுக்கான திறவுகோல். சில இடங்களில் பாட்டின் முடிவையே அது சொல்லிவிடும்.

நேரம் பற்றி. முக்கால் மணி நேரப் பாடவேளையில் வருகைப்பதிவு போக எஞ்சுவது நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. தொடக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ பிசகுகிறது என்று பொருள். மதிய உணவுக்குப் பிறகும், விளையாட்டு வேளைக்குப் பிறகும் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு எழுப்புவதைவிட, நாம் மெதுவாகப் படிக்க அவர்கள் அமைதியாகக் கேட்பது நன்றாக அமைகிறது. முதல் பாடவேளையில் எழுதச் சொல்லலாம். இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. மறுநாள் எடுக்கப்போகும் பாட்டிலிருந்து ஒரே ஓர் அடியை முந்தைய நாள் பலகையின் மூலையில் எழுதி, ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவேன். சில நாள் அது அழிக்கப்பட்டிருக்கும். சில நாள் அதன் கீழே யாரோ பொருள் எழுத முயன்றிருப்பார்கள்.

இப்படித் தொடங்குவதால் பொதுத்தேர்வில் மதிப்பெண் கூடும் என்று நான் உங்களுக்கு உறுதி தரமாட்டேன். என் வகுப்புகளில் அதை நான் அளந்து பார்த்ததில்லை. மனப்பாடப் பாடலும் இலக்கணக் குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும் தனி உழைப்பைக் கேட்கின்றன. அவற்றுக்குத் தொடக்கம் ஈடாகாது. கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து தொடங்கிய நாள்களில் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பாட்டுக்குள்ளிருந்து தொடங்கிய நாள்களில் பலகையைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பாட்டைப் பற்றிப் பேசினார்கள். எல்லாப் பாடத்துக்கும் என்னால் இப்படி ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்ததும் இல்லை. ஓர் ஆண்டில் பாதிப் பாடல்களுக்குக் கிடைத்தால் அது எனக்கு நல்ல ஆண்டு. மற்றவற்றை நன்றாகப் படித்து, நேராகப் பொருள் சொல்லிவிடுவேன். அதிலும் தவறு இல்லை. தினமும் ஒரு புதுமை செய்தாக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். இரண்டாம் ஆண்டில் நானும் அப்படி ஓடிக் களைத்துப்போனேன்.

இனி உங்கள் வழக்குரை காதை. ஒரே மாதிரியான இரண்டு சிறு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியாதவையாக இருக்க வேண்டும். ஒன்றில் புளியங்கொட்டை, மற்றதில் அதே அளவு கூழாங்கல். குலுக்கினால் ஓசை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வீட்டிலேயே சரிபாருங்கள். வகுப்பில் இரண்டையும் மேசைமேல் வைத்து, "இதில் ஒன்று என்னுடையது. என் பெட்டியைத் திருடியதாகச் சொல்லி ஒருவரைத் தண்டித்தும்விட்டார்கள். அவர் திருடவில்லை என்று எப்படி மெய்ப்பிப்பீர்கள்?" என்று கேளுங்கள். சாட்சி வேண்டும் என்பார்கள், எடை போடுங்கள் என்பார்கள், குலுக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது, "உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு திறந்து பாருங்கள்" என்பார். அந்த விடை வரும்வரை பொறுங்கள். என் வகுப்புகளில் ஒருமுறையைத் தவிர எப்போதும் வந்திருக்கிறது. வந்ததும் "சரி" என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம்.

"தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று தொடங்கி, கண்ணகியும் பாண்டியனும் பேசுவதை இரண்டு பிள்ளைகளை விட்டுப் படிக்கச் செய்யுங்கள். "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்று அவள் சொல்லும்போதும், "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று அவன் வாயாலேயே சொல்லும்போதும் பிள்ளைகளின் கண்கள் மேசைக்குப் போகும். (அரி என்பது சிலம்பின் உள்ளே இடும் பரல்.) தாங்கள் கண்டுபிடித்த வழியையே இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார் என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். "கண்ணகி அணிமணிக் காற்சிலம்பு உடைப்ப, மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே" என்ற அடி வரும்போது, முன் வரிசையில் இருக்கும் யாரையாவது அழைத்து ஒரு டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.